ஒளிக்கு நெறி வகுத்த அறிஞர்

விண்ணில் ஒளிரும் மீன்களைக் கண்டு வியப்பவர் பலர். ஒரு துளி நீரில் அடங்கிய உலகத்தைக் கண்டு வியப்பவர் சிலரே. விண்மீன்கள் நெடுந்தொலைவில் இருத்தலால் சிறியனவாகத் தோன்றுகின்றன. நீர்த்துளியில் வாழும் நுண்ணுயிர்களோ, கைக்கு எட்டும் அண்மையில் இருந்தும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் கருவியே நுண்ணோக்கி. மருத்துவர் நோயின் காரணத்தை அறிவதும், உழவியல் அறிஞர் பயிர்நோயை ஆராய்வதும், மாணவர் வெங்காயத் தோலில் உயிரணுக்களை எண்ணிப் பார்ப்பதும் அக்கருவியின் துணையாலேயே ஆகும். கைப்பழக்கத்தையே நம்பிச் செய்யப்பட்டு வந்த அக்கருவியைக் கணக்கின் வழியே செய்யுமாறு மாற்றியவர் ஒருவர். அதற்கு வேண்டும் ஒளியை எவ்வாறு செலுத்த வேண்டும் என்று நெறி வகுத்தவரும் அவரே. அவர் பெயர் எர்ன்ஸ்ட் அபே.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனி நாட்டின் நடுப்பகுதியில் ஐசனாக் என்னும் பழைய ஊர் உள்ளது. அவ்வூரில் 1840ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23ஆம் நாள் அபே பிறந்தார். அவர் தந்தையார் ஒரு நூற்பாலையில் தொழிலாளி. அந்நாளில் ஆலைத் தொழிலாளர்க்கு இவ்வளவு நேரந்தான் வேலை என்ற வரையறை இல்லை. பதினான்கு மணி நேரம், சில காலத்தில் பதினாறு மணி நேரம், அவர் நின்றுகொண்டே உழைத்தார். உணவு கொள்வதற்கென்று தனியே ஓய்வு நேரமும் இல்லை.

நண்பகலில் தந்தைக்கு உணவு கொண்டு செல்வது சிறுவன் அபேயின் கடமை. சில நாள் அவன் தங்கை கொண்டு செல்வாள். தந்தையார் இயந்திரத்தின் மேல் சாய்ந்தவாறே விரைந்து உண்பார்; வெறுங்கலத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே வேலைக்குத் திரும்புவார். உடலுரம் மிக்க அம்மனிதர் ஐம்பது வயதை எட்டுமுன்னரே நரைத்துத் தளர்ந்து முதியவர்போல் ஆனார். கலத்தை ஏந்தி நின்ற சிறுவன் இதனைக் கண்டான். அக்காட்சி அவன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் செல்வமும் புகழும் வந்தபோதும் அஃது அழியவில்லை என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

சிறுவனின் கூர்த்த அறிவைக் கண்ட ஆலை உரிமையாளர் அவன் கல்விக்குப் பொருளுதவி செய்தார். உதவி பெற்ற மாணவன் அதனை வீணாக்கவில்லை. 1857ஆம் ஆண்டு யேனா நகரத்துப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் கற்றார். பின்னர்க் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்று, 1861இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1863இல் யேனாவிற்குத் திரும்பி, அப்பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாற்றத் தொடங்கினார். வருவாய் குறைவு; ஆயினும் ஊக்கம் குறையவில்லை.

சைசுடன் கொண்ட நட்பு

அந்நாளில் யேனாவில் கார்ல் சைஸ் என்னும் கருவித் தொழிலாளர் வாழ்ந்து வந்தார். அவர் 1846இல் சிறியதொரு பட்டறையைத் தொடங்கி, நுண்ணோக்கிகளைச் செய்து விற்றுவந்தார். அவர் பட்டறைக் கருவிகள் நல்லவை என்று பெயர் பெற்றிருந்தன. ஆயினும் சைசின் உள்ளத்தில் நிறைவு இல்லை. அதற்குத் தக்க காரணம் இருந்தது.

நுண்ணோக்கியின் உயிர்நாடி லென்சு. பல சிறு லென்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொருளருகு லென்சை அமைப்பர். எந்த வளைவுள்ள லென்சை எதனோடு சேர்த்தால் தெளிந்த உருவம் கிடைக்கும் என்பதை முன்கூட்டி அறிய அக்காலத்தில் வழியில்லை. தேர்ந்த தொழிலாளி ஒன்றைத் தேய்ப்பான்; பொருத்திப் பார்ப்பான்; சரிவராவிடில் வேறொன்றைத் தேய்ப்பான். இவ்வாறு தேய்த்தும் மாற்றியும் பல முறை முயன்ற பின்னரே நல்ல கருவி ஒன்று அமையும். அதனைப் போன்ற மற்றொன்றைச் செய்வதற்கும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். பாலம் கட்டுபவன் முதலிற் கணக்கிட்டுப் பின்னர்க் கட்டுகிறான். நுண்ணோக்கியையும் ஏன் அவ்வாறு செய்தல் கூடாது என்று சைஸ் எண்ணினார். ஆனால், அவரிடம் கைத்திறன் இருந்ததேயன்றிக் கணிதப் புலமை இல்லை. ஆகவே, 1866இல் இளம் விரிவுரையாளராகிய அபேயின் துணையை நாடினார்.

தோல்வி தந்த அறிவு

அபே முதலிற் பட்டறையின் முறைகளை ஒழுங்குபடுத்தினார். லென்சின் தடிப்பு, வளைவு, கண்ணாடியின் ஒளிவிலகும் இயல்பு ஆகிய ஒவ்வொன்றையும் அளப்பதற்குப் புதுப் புதுக் கருவிகளை அமைத்தார். பின்னர், ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் லென்சின் வழியே செல்லும் பாதையைக் கணக்கிட்டு, அக்கணக்கின்படியே லென்சுகளைச் செய்வித்தார். லென்சின் ஓரங்களில் பிழை மிகுதி என்பது அன்றைய அறிஞர் கருத்து. ஆதலால், ஓரத்துக் கதிர்களை விலக்கி, நடுவே செல்லும் குறுகிய ஒளிக்கற்றையை மட்டும் ஏற்குமாறு அவர் அவற்றை அமைத்தார்.

விளைவு என்ன? கணக்கிட்டுச் செய்த புதிய லென்சு, கைப்பழக்கத்தால் செய்த பழைய லென்சைவிடத் தாழ்ந்ததாக இருந்தது! பழைய லென்சில் தெரிந்த நுண்ணிய கோடுகள் புதியதில் தெரியவில்லை. பெரும்பொருள் செலவாயிற்று, ஆண்டுகள் சென்றன. சைஸ் மனந்தளர்ந்து இம்முயற்சியைக் கைவிட்டிருந்தால் அவரைக் குறை கூற இயலாது. அவரோ பொறுமையோடு துணை நின்றார். அபேயும் தம் கணக்கில் எவ்விடத்தும் பிழையில்லை என்று கண்டபின், ஒளியைப் பற்றித் தாம் கொண்டிருந்த எண்ணத்திலேயே குறை இருத்தல் வேண்டும் என்று உணர்ந்து, மீண்டும் ஆராய்ந்தார்.

ஒளி அலை வடிவானது. மிக நெருங்கிய கோடுகளினூடே அது செல்லும்போது, நேரே செல்லும் கற்றையோடு பக்கங்களிலும் கற்றைகளாக விரிந்து செல்கிறது. இதனை விளிம்பு விளைவு என்பர். கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அகலமாகக் கற்றைகள் விரியும். அவ்வாறு விரிந்த கற்றைகளையும் லென்சு வாங்கிக்கொண்டால்தான் கோடுகள் உருவாகத் தோன்றும். குறுகிய லென்சோ அவற்றை வெளியே விட்டுவிடுகிறது. அதனால்தான் பிழை நீக்கிய லென்சிலும் நுட்பம் தெரியவில்லை!

இவ்வுண்மையை அபே எளிய சோதனை ஒன்றால் விளக்கினார். நெருங்கிய கோடுகளைக் கீறிய கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து, விரிந்து வரும் கற்றைகளுள் ஒன்றுவிட்டு ஒன்றை மறைத்தார். உடனே கோடுகள் உள்ளதைவிட இருமடங்கு நெருக்கமாகத் தோன்றின. பக்கக் கற்றைகள் அனைத்தையும் மறைத்தபோது கோடுகளே மறைந்தன. தகடு மாறவில்லை, லென்சும் மாறவில்லை, வந்துசேரும் ஒளி மட்டுமே மாறியது. கண் காண்பது பொருளை மட்டும் பொறுத்ததன்று, அப்பொருளிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவை நாம் வாங்கிக்கொள்கிறோம் என்பதையும் பொறுத்தது என்பது இதனாற் புலனாயிற்று.

1872ஆம் ஆண்டு முதல் சைஸ் பட்டறையின் நுண்ணோக்கி லென்சுகள் அபேயின் கணக்கின்படியே செய்யப்பட்டன. 1873இல் அவர் தம் கொள்கையை வெளியிட்டார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை, எத்துணைச் சிறந்த லென்சும் பிரித்துக் காட்டாது என்பது அக்கொள்கையின் முடிவு. வலையின் கண்ணிற் சிறிய மீன் வலையில் அகப்படாததுபோல, ஒளியலையிற் சிறிய நுட்பம் ஒளியில் அகப்படுவதில்லை. அவ்வெல்லை ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவினது.

ஒளியைச் செலுத்தும் முறை

லென்சை அகலமாக்கினால் மட்டும் போதாது. பொருளின்மேல் விழும் ஒளியும் அகன்ற கூம்பாக விழுதல் வேண்டும். இதற்கென்றே அபே, நுண்ணோக்கியின் மேடைக்குக் கீழே பொருத்தும் ஒளிகுவிக்கும் லென்சமைப்பு ஒன்றைக் கண்டார். கண்ணாடியிலிருந்து மேலெழும் ஒளியை அது பொருளின்மேல் குவிக்கிறது. அதன் அடியில் விரித்தும் சுருக்கியும் அமைக்கத்தக்க துளைத்திரை உண்டு. ஒளிக்கூம்பின் அகலத்தை அதனால் வேண்டியவாறு மாற்றலாம். இன்றும் பள்ளி ஆய்வுக்கூடங்களில் உள்ள நுண்ணோக்கிகளில் அவ்வமைப்பு அபேயின் பெயராலேயே வழங்குகிறது.

1878இல் பொருளுக்கும் லென்சுக்கும் இடையே ஒரு துளி எண்ணெய் இட்டுப் பார்க்கும் லென்சையும் அவர் அமைத்தார். தேவதாரு மரத்தின் எண்ணெய் கண்ணாடியைப் போன்றே ஒளியை விலக்கும் இயல்புடையது. அதனால், காற்றிற் சிதறிப் போகும் கதிர்களும் லென்சை வந்து சேர்ந்தன.

இவ்விரண்டையும் முதன்முதல் நன்கு பயன்படுத்திக்கொண்டவர்களுள் ஒருவர் இராபர்ட் காக் என்னும் மருத்துவர். சாயம் ஏற்றிய நோய்க்கிருமிகளை, அகன்ற ஒளிக்கூம்பின் நடுவே வைத்து அவர் நோக்கினார். சுற்றியுள்ள தசையின் வரைகள் மங்க, நிறமேறிய கிருமிகள் மட்டும் தெளிவாக விளங்கின. 1882இல் என்புருக்கி நோயின் கிருமியை அவர் உலகிற்குக் காட்டினார். தம் வெற்றியிற் பெரும்பங்கு சைஸ் நுண்ணோக்கிகளுக்கு உரியது என்று அவர் பிற்காலத்தில் நன்றியுடன் ஒப்புக்கொண்டார்.

நல்ல லென்சுக்கு நல்ல கண்ணாடி வேண்டுமன்றோ? ஓட்டோ ஷாட் என்னும் கண்ணாடி வல்லுநரை அபே யேனாவிற்கு வரவழைத்தார். 1884இல் கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அதிற் கிடைத்த புதுவகைக் கண்ணாடிகளைக் கொண்டு, நிறப்பிழை பெரிதும் நீங்கிய லென்சுகளை 1886இல் அபே வெளியிட்டார். நுண்ணோக்கிக்காகத் தாம் கண்ட முறைகளைத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. அறிவியல் அனைவர்க்கும் பொது என்று கருதினார்.

விளக்கும் கண்ணும்

தொடக்கக் காலத்தில் நுண்ணோக்கிக்கு வேண்டும் ஒளியைப் பலகணி வழியே வரும் பகலொளியிலிருந்து பெற்றனர். இரவில் எண்ணெய் விளக்கும், பின்னர் வாயு விளக்கும் உதவின. விளக்கின் சுடரோ எங்கும் ஒரே சீரானதன்று. ஆதலால் காணும் இடம் ஒருபால் ஒளிர்ந்தும் ஒருபால் இருண்டும் காணப்பட்டது. 1893இல் ஆகஸ்டு கோலர் என்னும் இளம் அறிஞர் இக்குறைக்குத் தீர்வு கண்டார். சுடரின் உருவம் பொருளின்மேல் விழாது ஒளிகுவிப்பானின் துளைத்திரையில் விழுமாறு விளக்கின் முன் ஒரு லென்சை வைத்தார். பொருளின்மேல் சீரான ஒளி பரவிற்று. 1900இல் கோலரும் சைஸ் நிறுவனத்திற் சேர்ந்தார். 1904இல் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியில் இயங்கும் நுண்ணோக்கியை அவர் அமைத்தார். அவ்வொளியைக் கண் காணாது. பட்டால் கண்ணுக்குக் கேடும் விளையும். ஆகவே, அதன் உருவத்தை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தனர்.

ஒளி உதவியும் செய்யும், ஊறும் செய்யும். நுண்ணோக்கியைக் கையாளும் மாணவர் இதனை மறத்தல் ஆகாது. கண்ணாடி பொருத்திய நுண்ணோக்கியை நேரே ஞாயிற்றின்பால் திருப்புதல் கூடவே கூடாது. லென்சுகள் குவிக்கும் வெயில் ஒரு நொடியில் கண்ணைக் கெடுத்துவிடும். வெண்மேகத்தின் ஒளி அல்லது விளக்கின் ஒளியே ஏற்றது. மின்விளக்குள்ள கருவியாயின், கை ஈரமின்றி இருத்தல் வேண்டும். மின்கம்பி உரிந்துள்ளதா என்று நோக்குதல் வேண்டும். ஒளியை மிகக் குறைத்து வைத்தே விளக்கை ஏற்றுதலும், குறைத்த பின்னரே அணைத்தலும் நலம். எரிந்த விளக்குமிழ் கடுஞ்சூடு உடையது. மின்தொடர்பை நீக்கி, அது குளிர்ந்த பின்னரே மாற்ற வேண்டும். புதிய குமிழையும் வெறுங்கையால் தொடாது துணியாற் பிடித்துப் பொருத்த வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் மிகுதியாகச் சூடேறி வெடித்தலும் உண்டு. விளக்கு ஆறுமுன் கருவியை உறையிட்டு மூடலாகாது.

கருவியைத் தூக்கும்போது ஒரு கை அதன் தண்டைப் பற்ற, மறு கை அடியைத் தாங்க வேண்டும். பார்க்கத் தொடங்கும்போது சிறிதே பெருக்கும் லென்சை முதலில் அமைக்க வேண்டும். பக்கத்திலிருந்து நோக்கியவாறே லென்சைத் தகட்டின் அருகே கொணர்ந்து, பின்னர்க் கண்ணை வைத்து மெல்ல விலக்கித் தெளிவு காண வேண்டும். கண்ணை வைத்தவாறே லென்சை நெருக்கினால் தகடும் உடையும், லென்சும் கீறும். எண்ணெயிட்ட லென்சை அதற்குரிய மென்தாளால் உடனே துடைத்துவிட வேண்டும்.

ஒளி கண்ணைக் கூசினால் துளைத்திரையை மூடுவது பலரும் செய்யும் தவறு. அவ்வாறு செய்தால் ஒளிக்கூம்பு குறுகும், நுட்பமும் மறையும். அபே முதலிற் செய்த லென்சில் நேர்ந்த குறையே மீண்டும் நேரும். கூச்சம் தீர விளக்கின் ஒளியையே குறைத்தல் வேண்டும். பல ஆண்டு உழைத்து அவர் கற்ற பாடம் இச்சிறு செயலில் அடங்கியுள்ளது.

தொழிலாளர் நலம்

1876இல் அபே சைசின் தொழிற்கூட்டாளி ஆனார். பட்டறை பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தது; செல்வம் பெருகிற்று. ஆயினும், அச்செல்வம் தம் ஒருவர் உழைப்பால் வந்ததென்று அவர் எண்ணவில்லை. லென்சு தேய்த்தவர் பலர்; கற்பித்த பல்கலைக்கழகம் ஒன்று; வளர்த்த நகரம் ஒன்று. எல்லார்க்கும் உரியதை ஒருவர் வைத்திருத்தல் முறையாகுமா?

1888இல் கார்ல் சைஸ் இறந்தார். மறு ஆண்டு அபே தம் நண்பர் பெயரால் ஓர் அறநிலையம் கண்டார். 1891இல் நிறுவனத்தில் தமக்கிருந்த பங்கு முழுவதையும் அதற்கே உரிமையாக்கினார். உடைமையாளராக இருந்தவர் ஊதியம் பெறும் பணியாளருள் ஒருவரானார்! அறநிலையத்திற்குத் தம் பெயரை இடாது நண்பர் பெயரை இட்ட பெருந்தன்மையும் எண்ணத்தக்கது.

1896இல் அவர் வகுத்த சட்டதிட்டங்கள் அந்நாளில் யாவரையும் வியப்பில் ஆழ்த்தின. சமயமோ அரசியற் கொள்கையோ பாராது தகுதி ஒன்றே கருதி வேலை, ஊதியத்துடன் விடுமுறை, முதுமையில் ஓய்வூதியம், ஆதாயத்தில் தொழிலாளர்க்குப் பங்கு என்பன அவற்றுட் சில. நிறுவனத்தின் தலைவர்கள் பெறும் ஊதியமும் தொழிலாளர் பெறும் சராசரி ஊதியத்தில் பத்து மடங்கிற்கு மேற்படுதல் கூடாது என்று வரம்பு கட்டினார். எஞ்சிய ஆதாயம் பல்கலைக்கழகத்திற்கும் நகர மக்களின் நலனுக்கும் பயன்பட்டது.

1900இல் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்ற முறையை நடைமுறைப்படுத்தினார். வேலை நேரம் குறைந்தால் தொழில் குன்றும் என்று அஞ்சினர் பலர். அபே அறிவியலறிஞர், ஆதலால் இதனையும் அளந்தே பார்த்தார். ஒன்பது மணி நேரத்தில் முடித்த வேலையையும், எட்டு மணி நேரத்தில் முடித்த வேலையையும் தொழிலாளர்தோறும் கணக்கெடுத்து ஒப்பிட்டார். எட்டு மணி நேரத்தில் முடிந்த வேலை குறையவில்லை, சற்று மிகுந்தேயிருந்தது. களைப்புற்ற கையும் சோர்ந்த கண்ணும் செய்யாததை, ஓய்வு பெற்ற கையும் தெளிந்த கண்ணும் செய்தன. இயந்திரத்தின் மேல் சாய்ந்து உண்ட தந்தையின் துயருக்கு மகன் செய்த கைம்மாறு இதுவே எனலாம்.

மறைவும் புகழும்

இடையறாத உழைப்பால் அபேயின் உடல் நலிந்தது. 1903இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். 1905ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14ஆம் நாள் யேனாவில் காலமானார்.

அவர் கண்ட எல்லையைக் கடக்கப் பின்வந்தோர் முயன்றனர். ஒளிக்கு மாறாக, அதனினும் மிகக் குறுகிய அலைநீளமுடைய எலெக்ட்ரான்களைப் பயன்படுத்தும் நுண்ணோக்கி 1931இல் தோன்றியது. ஒளிரும் மூலக்கூறுகளின் துணையால் ஒளி நுண்ணோக்கியையே அவ்வெல்லைக்கு அப்பால் கொண்டுசென்ற மூவர்க்கு 2014இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. எல்லை எங்குள்ளது என்று முதலிற் காட்டியவர் இருந்ததனாலன்றோ அதனைக் கடக்க வழி தேட முடிந்தது?

யேனா நகரில் அபேயின் நினைவுச் சின்னத்தில் அவர் கண்ட சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் நிறுவிய அறநிலையம் இன்றும் அத்தொழில் நிறுவனங்களின் உடைமையாளராக விளங்குகிறது. சிறிய பொருளையும் தெளிவாகக் காண வேண்டும் என்று உழைத்தவர் அவர். எளிய மனிதரையும் தெளிவாகக் கண்டவர் அவரே. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் விளக்கை ஏற்றும் மாணவர், கருவியையும் கண்ணையும் காத்து, பொறுமையோடு நோக்கக் கற்பாராயின், அவ்வறிஞர் உழைப்பு பயன் பெற்றதாகும்.